தொண்ணூற்றாறு ஜன்னல்களும் ஒரு பித்தளைச் சக்கரமும்

நான்கு மாதமாக அந்த வீட்டின் சாப்பாட்டு மேசைமேல் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. தரைத்தளம் மட்டும் இருந்த முதல் மாதத்தில் வீட்டார் மூவரும் அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். இரண்டாம் மாதம் பூங்காவும் நீச்சல் குளமும் வந்து சேர்ந்ததில் தட்டுகள் மடிக்கு இறங்கின. நான்காம் மாதம், அத்தான் துணி தேய்க்கும் பலகையின் முன் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குடியிருக்கிறவனுக்கு மேசை இல்ல. ஒருத்தரும் குடிவராத வீட்டுக்கு நீச்சல் குளம்" என்றார், தினமும், முதல் வாய்க்கும் இரண்டாம் வாய்க்கும் நடுவில்.

"தண்ணியில்லாத குளம்தானே அத்தான். நீலக் கண்ணாடித் தாள்" என்பாள் மேஸ்திரி, பிசின் அப்பிய விரலை நிமிர்த்திப் பிடித்தபடி.

மேஸ்திரி என்பது அத்தான் தன் மனைவியின் தங்கைக்கு வைத்த பெயர். அவள் செங்கல் தொட்டவள் அல்ல. வீடு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு, இனிமேல் கட்டப்போகும் கட்டடம் எப்படி இருக்கும் என்று அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் சிறிதாகச் செய்து கொடுப்பவள். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் வாசலில் கூரியர்காரன்கூட "மேஸ்திரி இருக்காங்களா?" என்று கேட்கத் தொடங்கிய பிறகு அதில் கேலி தேய்ந்துபோய்விட்டது.

இந்தக் கட்டடத்தைக் கேட்டிருந்தது ஊரிலேயே பெரிய நிறுவனம். வெள்ளிக்கிழமை அறிமுக விழா. அன்று எல்லாம் சரியாக நடந்தால் அடுத்த ஏழு மாடல்களும் அவளுக்குத்தான் என்றும், அவர்கள் அலுவலகத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பெரிய அறையை அவள் பட்டறைக்குத் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். நடக்காவிட்டால்? அதற்கும் இடம் தயாராக இருந்தது. அத்தான் மேலாளராக இருக்கும் டைல்ஸ் கடையில், குளியலறைப் பிரிவில், ஒரு நாற்காலியை அவர் மாதக் கடைசிவரை காலியாக வைத்திருந்தார்.

"நல்ல நாற்காலி. சுத்தும்" என்று அத்தான் உற்சாகப்படுத்தினார்.

"சுத்துறதுக்கா நான் பிறந்தேன்?" என்றாள் மேஸ்திரி.

"அப்ப கழுத்தொடிஞ்சு உக்காந்து ஜன்னல் ஒட்டு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை எனக்கு என் மேசை வேணும்."

கட்டடம் எப்போதோ முடிந்திருக்கும். ஜன்னல்களுக்குப் பின்னால் விளக்கு வைக்கவேண்டும் என்று நிறுவனம் கேட்டபோதுகூட அவள் பயப்படவில்லை. பயம் மூன்றாம் மாதம் காரில் வந்து இறங்கியது. வந்தவரின் அட்டையில் 'ஒளி அனுபவ இயக்குநர்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது. நிறுவனத் தலைவருடைய மனைவியின் தம்பி. அலுவலகத்தில் எல்லோரும் அவரை, அவர் இல்லாதபோது, மச்சான் சார் என்பார்கள். ஒளி அனுபவ இயக்குநராவதற்கு முன்பு அவர் அதே நிறுவனத்தில் வாடிக்கையாளர் மகிழ்ச்சி இயக்குநராக இருந்தார். வாடிக்கையாளர்கள் எழுத்துமூலம் ஆட்சேபித்ததால் ஒளிக்கு மாற்றினார்கள். ஒளி எழுதாது.

மச்சான் சார் கட்டடத்தை மூன்று முறை சுற்றிவந்தார். கையில் வெளிச்சம் அளக்கும் கருவி ஒன்று. அதை ஜன்னல்களின் முன் நீட்டி, எண்ணைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கருவியின் மூடி இன்னும் கழற்றப்படவில்லை என்பதையும், ஆகவே அவர் எழுதிக்கொண்டிருந்தது வரிசையாகப் பூஜ்யங்கள் என்பதையும் அக்கா கவனித்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு மூடிதான் முதலில் கண்ணில் படும். மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை.

"வெளிச்சம் இருக்கும்மா. ஆனா பயணம் இல்ல" என்றார் மச்சான் சார்.

"பயணமா சார்?"

"தலைவர் பேச்சு நாலு பகுதி. இருள், உழைப்பு, உயர்வு, ஒளி. அவர் பேசப் பேச ஜன்னல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பிரகாசமாகணும். அவரே தன் கையால கூட்டணும். புரியுதா? அது விளக்கு இல்ல. விடியல்."

"கொஞ்சம் கொஞ்சமான்னா..."

"முப்பத்தேழு சதவீதத்துல ஆரம்பிக்கலாம்" என்றார் அவர், குறிப்பேட்டிலிருந்த பூஜ்யங்களைப் பார்த்தபடி.

கார் போன பிறகு மேஸ்திரி உட்கார்ந்து யோசித்தாள். எல்.இ.டி. விளக்கை எரியவைக்க அவளுக்குத் தெரியும். அதாவது, வயரோடு விற்கும் சரத்தை வாங்கிச் செருகத் தெரியும். குறைக்கவும் கூட்டவும் வேண்டுமென்றால் அது எப்படி எரிகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் தனி எல்.இ.டி. ஒரு பொட்டலம் வாங்கிவந்தாள். அரிசி பருமனில் தலை, அதன் கீழே இரண்டு கம்பிக் கால். நீளக் கால் ப்ளஸ், குட்டைக் கால் மைனஸ். ஒன்பது வோல்ட் பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தாள். அது ஒரு கணம் கண்ணைப் பறிக்கும்படி விழித்து, ஒரு நாற்றத்தை மட்டும் விட்டுவிட்டு நிரந்தரமாக ஓய்வு பெற்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது அக்கா, "ஏன்டி, மாத்திரை ஒத்துக்கலைன்னா அதே மாத்திரையைத் திரும்பத் திரும்பக் குடுப்பியா?" என்றாள்.

எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடைக்காரர் சொல் செலவழிக்க விரும்பாதவர். ஒரு பொருள் வாங்கினால் ஒரு சொல் தருவார். இரண்டாவது சொல் வேண்டுமென்றால் இன்னொன்று வாங்கவேண்டும்.

"எல்.இ.டி. எரிஞ்சு போகுதுங்க."

"ரெசிஸ்டர்" என்றார், ஒரு பொட்டலத்தைத் தள்ளி.

ரெசிஸ்டர் என்பது இடுப்பில் வண்ணக் கோடுகள் போட்ட குட்டி உருளை. எல்.இ.டி.க்குத் தன் அளவு தெரியாது. எவ்வளவு மின்சாரம் வந்தாலும் குடித்துவிட்டுச் சாகும். ரெசிஸ்டர் பஸ் வாசலில் நிற்கும் கண்டிப்பான நடத்துனர் மாதிரி: இத்தனை பேர்தான், மீதி அடுத்த வண்டி. அதை வழியில் போட்டதும் நான்காவது எல்.இ.டி. நிதானமாக எரிந்தது. பெரிய ரெசிஸ்டர் போட்டால் மங்கல். சின்னது போட்டால் பளிச்.

"மாத்தி மாத்திப் போட்டாத்தான் கூடிக் குறையுது. ஒரே ரெசிஸ்டரே கூட்டிக் குறைக்க வழி உண்டா?" என்று மறுநாள் போய்க் கேட்டாள்.

"வால்யூம்" என்றார் கடைக்காரர்.

பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் அதே குமிழ்தான். திருப்பினால் அளவு மாறும் ரெசிஸ்டர். ஒரு எல்.இ.டி.க்கு அழகாக வேலை செய்தது. அந்த மகிழ்ச்சியில் தொண்ணூற்றாறு ஜன்னல் விளக்கையும் அந்த ஒற்றைக் குமிழின் வழியே விட்டாள். குமிழிலிருந்து கொசுவர்த்திபோல் மெல்லிய புகை சுருண்டு எழுந்தது. அத்தனை மின்சாரத்தைத் தன் உடம்பில் தாங்க அதற்குத் திராணி இல்லை.

"டிரான்சிஸ்டர்" என்றார் கடைக்காரர். அன்று அவள் நிறைய வாங்கியிருந்ததால் இன்னும் மூன்று சொல் சேர்த்தார். "சுமை அது சுமக்கும்."

அதுதான் சூட்சுமம். சுமப்பது டிரான்சிஸ்டர். குமிழ் 'இவ்வளவு விடு' என்று சைகை மட்டும் காட்டும். அலுவலகம் என்றால் சைகை காட்டுபவருக்குத்தான் பெரிய நாற்காலி. சர்க்யூட்டில் சுமப்பதற்குத்தான் பெரிய உடம்பு.

எட்டு ஜன்னல் ஒரு மாடி. மூன்று மூன்று விளக்காக வரிசை கட்டி, முப்பத்திரண்டு வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர். பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் ஒன்று. பத்து நாள் ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள். வீடு முழுக்கப் பிசின் புகை வாசம். அத்தான் ஜன்னல் பக்கமாகப் பலகையை நகர்த்திக்கொண்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மச்சான் சார் ஒத்திகைக்கு வந்தார். கையில் பேச்சின் நகல். "இருள்!" என்று வாசித்துக் குமிழைக் கால் பங்கு திருப்பினார். ஒன்றும் எரியவில்லை. "உழைப்பு!" பாதி திருப்பியாயிற்று. இருட்டு. "உயர்வு!" முக்கால் பங்கு நெருங்கியபோது ஜன்னல்கள் சட்டென்று எழுந்து, ஒரு விரல் அசைவுக்குள் உச்சத்துக்குப் போய்விட்டன. ஒளி என்ற பகுதிக்கு ஒளி மிச்சமில்லை.

மச்சான் சார் பேச்சை மடித்தார்.

"தலைவர் பாதிப் பேச்சு வரைக்கும் வெத்துக் குமிழைத் திருப்பிக்கிட்டு நிக்கணுமா? முதலீட்டாளர்கள் என்ன நினைப்பாங்க?"

"ரெண்டு நாள் குடுங்க சார்."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு பட்டறையும் ஒரு மாடல் தயாரா வச்சிருக்காங்கம்மா. அதுல வெளிச்சமே கிடையாது. ஆனா தப்பும் கிடையாது."

அவர் போனதும் மேஸ்திரி வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு விளக்கு விழிக்க இரண்டரை வோல்ட்டுக்கு மேல் வேண்டும். மூன்று பேரை ஒரே வரிசையில் கட்டியிருக்கிறாள். மூவரும் சேர்ந்துதான் எழுவார்கள். எட்டு வோல்ட் நெருங்கும்வரை மூவரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடப்பார்கள். குமிழ் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை திரும்புவதெல்லாம் வீண். அவள் தொழில் பாஷையில் சொன்னால், லிஃப்ட் ஏறுகிறது, ஆனால் பாதிக்கு மேல் பாதாள அறைகளிலேயே ஏறுகிறது. தரைத்தளத்துக்கு வரும்போது மொட்டை மாடி பக்கத்தில் நிற்கிறது.

பாதாளத்தை அடைத்துவிட்டால் போதும். குமிழின் கீழ் முனையில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால், எவ்வளவு குறைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. எந்த ரெசிஸ்டர் என்று கணக்குப் போட்டாள். கணக்குச் சொன்னது சரியாக வரவில்லை. பொட்டலத்தைக் கொட்டி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சுக் கோடு போட்டதை மாட்டித் திருப்பியபோது, குமிழ் அசைந்த அந்த நொடியே பன்னிரண்டு மாடியிலும் ஒரு மெல்லிய மஞ்சள் மூச்சு. அது விரலுக்கு ஏற்ப, படி தாவாமல், கடைசிவரை ஏறியது.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏய்... ஆளுங்க வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்குடி."

அத்தான் தட்டைக் கீழே வைத்தார். தானே வந்து இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் கடை நாற்காலியும் இதே மாதிரி வழுக்கிக்கிட்டு சுத்தும்" என்றார்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கவேண்டும். புதன்கிழமை காலை இரண்டு ஆட்கள் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார்கள். பின்னாலேயே மச்சான் சார். பெட்டிக்குள் லாரி ஸ்டியரிங் அளவில் ஒரு பித்தளைச் சக்கரம், நடுவில் நிறுவனத்தின் சின்னம்.

"தலைவர் இதைப் பிடிச்சுத் திருப்புவார்" என்றார்.

மேஸ்திரி தன் குமிழைப் பார்த்தாள். அது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது.

"சார், இது முக்கால் சுத்துதான் திரும்பும். அதுக்கு மேல போனா தண்டு ஒடிஞ்சிடும்."

"தலைவர் முக்கால் சுத்துல நிறுத்துற ஆள் இல்லம்மா."

"அப்ப ஒடியும்."

"ஒடியாத மாதிரி பண்ணுங்க. பண்றது உங்க வேலை. அனுபவம் என் வேலை."

அவர் போனதும் ஒரு பழைய குமிழில் சக்கரத்தை மாட்டி, அத்தானைத் தலைவராக நிற்கவைத்தாள். "முன்னேற்றம்!" என்று முழங்கி அத்தான் ஒரு இழுப்பு இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். சக்கரம் அவர் கையோடு வந்துவிட்டது.

"இதுக்குத்தான் நான் பதவிக்கு ஆசைப்படுறதில்ல" என்றார் அத்தான், சக்கரத்தைக் கட்டிப் பிடித்தபடி.

மேஸ்திரி தலையில் கை வைத்தாள். அக்காதான் தட்டு துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சக்கரம் அவர் கையில இருக்கட்டும். குமிழ் உன் கையில இருக்கட்டும். ரெண்டையும் எதுக்குச் சேக்குற?"

"அவர் திருப்புறாருன்னு நினைச்சுப்பாரே?"

"நினைச்சா நல்லதுதானே. இந்த வீடு பன்னெண்டு வருசமா அப்படித்தான் ஓடுது."

"என்ன சொன்ன?" என்றார் அத்தான்.

"சக்கரத்தைக் கீழ வைங்க, கை வலிக்கும்னு சொன்னேன்."

ஆக, சக்கரம் ஒரு பேரிங்கின் மேல் தனியாகப் பொருத்தப்பட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும், எத்தனை சுற்று சுற்றினாலும் வழவழவென்று கம்பீரமாகச் சுற்றியது. அதிலிருந்து ஒரு வயர்கூட எங்கும் போகவில்லை. குமிழோ நீளமான வயரின் நுனியில், விழா மேசையின் அடியில். மேலே எவ்வளவு எரிகிறது என்று கீழே இருப்பவளுக்குத் தெரியவேண்டுமே என்று, அதே சர்க்யூட்டில் இன்னொரு வரிசை, மூன்று விளக்குகள், மேசையின் அடிப்பலகையில் ஒட்டினாள். மச்சான் சாரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சக்கரம் பளபளக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. அரங்கில் திரைச்சீலைகளை இழுத்து இருட்டாக்கியிருந்தார்கள். தரைவரை நீலத் துணி தொங்கும் மேசைமேல் கட்டடம். அதன் அடியில், அக்கா கொடுத்துவிட்ட தலையணைமேல் மேஸ்திரி சம்மணமிட்டிருந்தாள். ஒரு கையில் குமிழ், மறு கையில் பேச்சின் நகல். மூன்றாம் வரிசையில் அத்தான், கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார், நாற்காலி விஷயம் இன்றே முடிவாகிவிடும் என்பதால்.

தலைவர் வந்தார். கனத்த நடை, கனத்த தொண்டை. சக்கரத்தைப் பிடித்தார். "இருள்!" என்றார். நகலில் அதற்கடுத்து இருந்த வாக்கியம் வரவில்லை. அதற்குப் பிறகு நகலில் இருந்த எதுவுமே வரவில்லை. தலைவர் தாளை மூடிவைத்துவிட்டு, தான் முதன்முதலில் வாங்கிய சிமென்ட் மூட்டையின் கதையைத் தொடங்கியிருந்தார்.

மேஸ்திரி நகலைக் கீழே போட்டாள். இனி காதுதான். அவர் குரல் ஏறினால் ஏற்றினாள். இறங்கினால் கொஞ்சம் இறக்கினாள். மூட்டை நனைந்த இடத்தில் மங்கலாக்கினாள். நனைந்த மூட்டையை வைத்தே சுவர் எழுப்பியதாகத் தலைவர் பெருமையோடு சொன்னபோது, அந்தச் சுவர் இன்று எங்கே இருக்கும் என்ற கவலையில் அவள் விரல் ஒரு கணம் நடுங்கியது. ஜன்னல்களும் நடுங்கின. அரங்கம் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

தலைவர் சக்கரத்தை இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். வெளிச்சம் ஏறிற்று. பேச்சின் வேகத்தில் வலது பக்கமாகவும் சுற்றினார். அப்போதும் ஏறிற்று. பிறகு வியர்வை துடைக்க இரண்டு கையையும் எடுத்துவிட்டு, "அன்னிக்கு எனக்குள்ள ஒரு குரல் கேட்டது!" என்று முழங்கினார். கீழே இருப்பவளுக்குக் கை தெரியாது, குரல்தான் தெரியும். திருப்பினாள்.

சக்கரம் சும்மா நிற்க, பன்னிரண்டு மாடியும் பிரகாசித்தன.

தலைவர் நிறுத்தினார். கட்டடத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, "எழு" என்றார். ஏறியது. "அடங்கு." அடங்கியது. தலைவரின் முகத்தில், ஐம்பத்தெட்டு வருடமாகத் தான் சந்தேகித்துவந்த ஒன்று உறுதியானதுபோல் ஒரு பொலிவு படர்ந்தது.

"என் குரலுக்குக் கட்டுப்படுது!" என்றார் ஒலிபெருக்கியில்.

மச்சான் சார் அரை நொடிகூடத் தாமதிக்கவில்லை. இன்னொரு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "குரல் உணரும் கட்டடம்! ரெண்டு வருச ஆராய்ச்சி. இன்னிக்கு வரைக்கும் ரகசியமா வச்சிருந்தோம்!" என்றார். அது பெரும்பாலும் உண்மை. அவரிடமிருந்துகூட ரகசியமாகத்தான் இருந்தது.

"அடுத்த ஏழு திட்டத்துலயும் இதே குரல் மாடல்தான்!" என்று தலைவர் அறிவித்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. அத்தான் மட்டும் தட்டவில்லை. மேசைத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக்கடியில் மேஸ்திரி கணக்குப் போட்டாள். ஏழு மாடல். ஏழு விற்பனைக்கூடம். ஏழு மேசை. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை யார் எப்போது வந்து "எழு" என்பார்கள் என்று தெரியாது. அவளோ ஒருத்தி. இடது கால் வேறு மரத்துப்போயிருந்தது.

அப்போது தலைவர் கைதட்டலுக்கு நடுவே குனிந்து, ஒலிபெருக்கியை ஒதுக்கிவிட்டு, கட்டடத்தின் காதில் சொல்வதுபோல், "கொஞ்சம் குறை, கண் கூசுது" என்றார்.

"சரிங்க ஐயா" என்றது கட்டடம்.

நான்கு மாதமாக அந்த நிறுவனத்திலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவள் வாய் சொல்லிப் பழகிய பதில். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

நீலத் துணி தூக்கப்பட்டது. முதலில் தலைவரின் தலை உள்ளே வந்தது, மூக்குக்கண்ணாடி நழுவியபடி. மறுபக்கத்திலிருந்து மச்சான் சாரின் தலை வந்தது. அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது விலையுயர்ந்த இரண்டு கால்சட்டைகளின் பின்புறம் மட்டுமே.

"யாரும்மா நீ?" என்றார் தலைவர்.

"மாடல் செஞ்சது நான்தாங்க ஐயா."

"இங்க என்ன பண்ற?"

மச்சான் சார் முந்திக்கொண்டார். "மாமா, குரல் கருவியைப் பாத்துக்கிறதுக்காக நான்தான் உள்ள வச்சிருக்கேன். இல்லம்மா?" அவர் இமை ஒன்று படபடத்தது. "இன்னிக்கே அந்த ரூம் சாவியைக் குடுத்துடலாம்னு பேசிக்கிட்டிருந்தோமே... குரல் கருவிதானே?"

சாவி அவர் சொல்லிலேயே கிலுகிலுத்தது. அந்த அறையில் பெரிய ஜன்னல் இரண்டு உண்டு என்று அவள் போய்ப் பார்த்திருந்தாள். ஆம் என்றால் அறை அவளுடையது. ஆனால் அவள் குடியிருக்கப்போவது மேசைக்கடியில்.

"குரல் கருவி ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "என் காதுதான். இந்தக் குமிழ், ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதான் ஐயா."

"அப்ப அந்தச் சக்கரம்?"

"எதுலயும் சேரலைங்க. சேர்த்தா ஒடிஞ்சிடும்னு சொன்னேன், கேக்கலை."

தலைவர் மச்சானைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்தது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

"நான் இடது பக்கம் திருப்பினப்பவும் ஏறுச்சு. வலது பக்கம் திருப்பினப்பவும் ஏறுச்சு" என்றார், தனக்கே சொல்வதுபோல்.

"ஆமாங்க."

"நானும் கவனிச்சேன். ஆனா ஆபீஸ்லயும் எனக்கு எல்லாம் அப்படித்தான் நடக்குதா... வித்தியாசமாத் தெரியலை." கையை நீட்டினார். "இங்க குடு அதை."

குமிழை வாங்கித் தடித்த இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் திருப்பினார். தலைக்கு மேல் அடிப்பலகையில் மூன்று விளக்குகள் மெல்ல விழித்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம். திரும்பிக் குறைத்தார். எங்கும் தாவவில்லை, எங்கும் செத்த இடம் இல்லை.

"இவ்வளவு லேசா இருக்கே!"

"ரெண்டு நாள் ஆச்சுங்க அந்த லேசுக்கு."

தலைவர் முழங்கால் போட்டுக்கொண்டு மேலும் உள்ளே வந்து, துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, வசதியாக உட்கார்ந்தார். "தலையணை இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

மேடையில் இப்போது யாரும் இல்லை, நீலத் துணிக்கு வெளியே பாதி உடம்போடு நின்ற மச்சான் சாரைத் தவிர. கட்டடம் மட்டும் தானாக ஒளிர்ந்து, தணிந்து, மறுபடி ஒளிர்ந்தது, தூங்குகிறவரின் மார்பு ஏறி இறங்குவதுபோல. பேச்சில்லை. முழக்கமில்லை. நான்கு நிமிடம் அப்படியே நடந்தது. பிறகு மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்து தட்டத் தொடங்கினார். டைல்ஸ் கடை மேலாளர். அதற்குப் பிறகு எல்லோரும்.

தலைவர் வெளியே வந்தபோது முழங்காலில் தூசி. அதைத் தட்டிவிடாமலே ஒலிபெருக்கியை எடுத்தார்.

"குரல்னு சொன்னது தப்பு. இது குமிழ். யார் கையாலயும் திருப்பலாம், வந்து திருப்பிப் பாருங்க. செஞ்சவங்க கீழ இருக்காங்க. ஏம்மா, வெளிய வா."

மேஸ்திரி வந்தாள். மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு, ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி வந்ததைப் பார்த்து, உழைப்பின் அடையாளம் என்று முன்வரிசை உருகியது. முதலீட்டாளர்கள் வரிசையில் நின்று குமிழைத் திருப்பினார்கள். ஒவ்வொருவரும் தான் திருப்பியதுதான் சரியான அளவு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்கள்.

சாவி திங்கட்கிழமை வந்தது. அறையின் இரண்டு ஜன்னலும் நிஜமாகவே பெரியவை. ஏழு மாடலுக்கும் சாதாரணக் குமிழ் போதும் என்று தலைவர் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். மச்சான் சாருக்கு இந்த முறை பதவி மாற்றம் இல்லை. பித்தளைச் சக்கரத்தை மட்டும் அவர் மேசைமேல் பொருத்திக் கொடுத்தார்கள். போனில் பேசும்போது அவர் அதைச் சுற்றிக்கொண்டிருப்பார். வலது பக்கம் சுற்றினால் அறையில் ஏசி குளிர்ச்சி கூடுகிறது என்று அலுவலகத்தில் ஒன்றிரண்டு பேர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்கள்.

டைல்ஸ் கடை நாற்காலியில் அத்தான் வேறொருவரை உட்காரவைத்துவிட்டார். கட்டடம் போன மேசையைத் துடைத்து, பிசின் கறை தெரியாமலிருக்க விரிப்புப் போட்டாள் அக்கா. அன்று சாப்பிட உட்காரச் சொன்னபோது அத்தான் பழக்கதோஷத்தில் தட்டோடு துணி தேய்க்கும் பலகைக்குப் போய் நின்றார்.

"ஏங்க, உக்காருங்க. மேசை உங்களுதுதான்."

உட்கார்ந்தார். முழங்கையில் ஏதோ குத்தியது. பூங்காவிலிருந்து உதிர்ந்த ஒரு பிளாஸ்டிக் மரம். அதை எடுத்து உப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் நிறுத்தினார். அப்போதுதான் சுவரில் புதிதாக ஒரு குமிழ் இருப்பதைப் பார்த்தார்.

"மேஸ்திரி பட்டறைக்குப் போறப்ப வச்சுட்டுப் போனா. மேசை மேல தொங்குற விளக்குக்கு" என்றாள் அக்கா.

அத்தான் எழுந்து, குமிழைப் பிடித்து, தலைவர்போல் தொண்டையைச் செருமி, கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். விளக்கைப் பார்த்தார். இன்னும் ஒரு நூலளவு திருப்பினார்.

"இப்பத்தான் கண்ணுக்கு இதமா இருக்கு" என்று திருப்தியோடு வந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் வயரைச் சேர்ப்பேன் என்று தங்கை சொல்லிவிட்டுப் போனதைச் சொல்ல அக்கா வாயெடுத்தாள். பிறகு தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.